தாத்தாவின் மனுவும் துரைத்தனத்தின் ஒற்றை வரிப் பதிலும்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சாரம் இது.

பழைய வீட்டைப் பிரித்தபோது பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தாவின் காகிதங்கள். தாத்தா அந்த ஊரில் ஒரு சின்னச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். 1917 கடைசியில், சென்னைக்கு வரவிருந்த, பிரிட்டிஷ் அமைச்சரவையின் இந்தியா மந்திரி மாண்டேகுவுக்கு அந்தச் சங்கம் ஒரு மனு அனுப்பியிருக்கிறது. சென்னைச் சட்டசபையில் மதுரை ஜில்லாவுக்குத் தேர்தல் மூலம் வரும் உறுப்பினர்கள் கூடுதலாக வேண்டும், தீர்வை, அதாவது நிலவரி, கட்டும் விவசாயிக்கு ஓட்டு வேண்டும், தாலுகா போர்டுத் தலைவரை மெம்பர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். கையெழுத்துப் போட்டவர்கள் 19 பேர். தமிழ் நகல் தாத்தாவே எழுதியது, ஆங்கிலப் பிரதி டைப் அடித்தது. கூடவே 1918 தொடக்கத்தில் வந்த பதிலும் இருக்கிறது. மனு பதிவு செய்யப்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று ஒரே வரி.

இதை வைத்து வீட்டில் இப்போது மூன்று கட்சி. ‘வெள்ளைக்காரன் காலில் விழுந்த கடுதாசி, வெளியில் காட்டினால் அசிங்கம்’ என்கிறார் சித்தப்பா மகன். தாத்தாவைத் தியாகி என்று பதிவு செய்து சலுகை கேட்கலாம் என்கிறார் அண்ணன் மகன், காகிதங்களை லேமினேட் செய்யவும் தயாராக இருக்கிறார். காரைக்குடியில் பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆசிரியைக்கு இதைச் சின்னப் புத்தகமாகப் போட ஆசை. ஆனால் கையெழுத்திட்ட இன்னொருவரின் பேரன், ‘எங்க தாத்தா பேரைப் போட்டால் கேஸ் போடுவேன்’ என்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மதுரை கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதியதற்கு, அப்படிக் கோப்பு எதுவும் இங்கே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அரசு எதையோ மறைக்கிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. ‘என் தாத்தா அடிமையா, தியாகியா? ஒரு வரியில் குப்பைக்குப் போன மனுவுக்கு என்ன மதிப்பு? எனக்கு இதில் என்ன உரிமை?’ என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சட்டக் கேள்விகளுக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காகிதம் என்ன வகையைச் சேர்ந்தது என்பது தெளிவாகாமல் சொன்னால், மூன்று கட்சிகளில் ஒன்றுக்கு ஆயுதம் கொடுத்ததாக மட்டுமே முடியும். அதனால் முதலில் மனுவைப் பற்றியும் அந்தப் பதிலைப் பற்றியும் பேசுகிறேன். நீங்கள் அந்த ஒற்றை வரியை அரசின் முழு பதில் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது மனுதாரர்களுக்குச் சொல்லப்பட்ட பதில் மட்டும்தான். அதிகாரிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கோப்பில்தான் இருக்கும்.

பணிவான நடை பற்றி

உங்கள் சித்தப்பா மகனுக்கு உறுத்துவது, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியர்கள்’ என்ற முடிப்பு. அந்தக் காலத்தில் அரசுக்கு மனு கொடுப்பதற்கென்று விதிகள் இருந்தன. உள்ளூர் அதிகாரி வழியாகத்தான் மேலே போக வேண்டும், மரியாதைக் குறைவான நடையில் இருந்தால் அந்த அதிகாரியே நிறுத்தி வைக்கலாம். பணிவாக எழுதாத மனு கோட்டை வாசலையே தொடாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நான் இன்று தாக்கல் செய்யும் ரிட் மனுவிலும் மனுதாரர் பணிவுடன்தான் வேண்டிக்கொள்கிறார், அடுத்த பத்தியில் அரசின் உத்தரவைச் சட்டவிரோதம் என்கிறார். நடையை விட்டுவிட்டு, என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்.

பணிவான மனு என்ன செய்யும் என்பதற்கு இந்த மாகாணத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1852-ல் கசுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம், அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது. சங்கத்தில் இருந்தவர்கள் சிலர்தான். கிழக்கிந்தியக் கம்பெனி தரப்பு, இவர்கள் யாருடைய பிரதிநிதிகள் என்றே கேட்டது. ஆனால் வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பாராளுமன்றத்தில் விவாதமாகி, 1854-ல் விசாரணைக் கமிஷன் போடும்படி ஆயிற்று. 1855-ல் வந்த அறிக்கை சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அந்த மனுவும் உங்கள் தாத்தாவின் மனுவைப் போலக் கும்பிட்டுத்தான் தொடங்கியது.

பணிவு வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் நம் ஊரில் இருந்தார்கள். மணி ஐயர் என்று அழைக்கப்பட்ட சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் 1842-ல் மதுரையில் பிறந்து, இங்கேயே வக்கீல் தொழில் செய்து, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர். 1917-ல் அவர் இந்திய அதிகாரிகள் எல்லாரையும் தாண்டி அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு பாராளுமன்றத்தில் மாண்டேகு அதைக் கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் தன் பட்டங்களைத் துறந்தார். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் 1918-ல் சுயாட்சிக் கோரிக்கையோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது, ஜிப்ரால்டரிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். பெயர் பெற்றவர்களுக்கே இந்தக் கதி. தாலுகா ஊரில் தீர்வை கட்டிக்கொண்டு, தாசில்தாரின் தயவில் பட்டா மாற்ற வேண்டிய 19 பேர் தங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட சபை வேண்டும் என்று கேட்டதைக் கால் பிடித்ததாக என்னால் எண்ண முடியவில்லை.

அந்த ஒற்றை வரி

மக்கள் சபை கேட்டு மனு போட்ட சின்னச் சங்கங்களுக்கு அதிகாரிகள் பதில் சொன்ன விதத்தில், வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக ஒரு வழக்கம் உண்டு. வைஸ்ராயாக இருந்த டஃப்ரின் பிரபுவே அதற்குச் சாட்சி. 1887-ல் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு சென்னையில் நடந்தது. அப்போதைய கவர்னர் கன்னிமரா பிரபு பிரதிநிதிகளை அழைத்து உபசரித்தார். அந்த மாநாட்டுச் செலவுக்கு 8,000 பேர் ஓரணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரை கொடுத்ததில் 5,500 ரூபாய் சேர்ந்தது. ஓரணா கொடுத்தவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். மறு ஆண்டு நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் ஒரு விருந்தில் வைஸ்ராய் டஃப்ரின், இந்தக் காங்கிரஸ் ஆட்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறுபான்மையினர் என்று பேசினார். அதே நவம்பரில் அவர் லண்டனுக்கு அனுப்பிய பரிந்துரையில், மாகாணச் சட்டசபைகளை விரிவாக்கித் தேர்தல் அம்சத்தையும் ஓரளவு சேர்க்கலாம் என்று எழுதினார். 1892-ம் ஆண்டு இந்தியக் கவுன்சில் சட்டத்துக்கு அடிப்படை அதுதான். மேடையில் மனுதாரர்களை இல்லை என்று ஆக்கிவிட்டு, கோப்பில் அவர்கள் கேட்டதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். யார் கேட்டுக் கொடுத்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இனி உங்கள் மனுவின் காலத்துக்கு வருவோம். 1917 மே மாதம் சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு சட்டசபையிலேயே, பொறுப்பாட்சி, அதாவது மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் ஆட்சி, சீக்கிரம் வரும் என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள் என்ற பொருளில் பேசினார். ஜூனில் சுயாட்சி இயக்கம் நடத்திய அன்னி பெசன்ட் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஆகஸ்ட் 20-ல் லண்டனில் மாண்டேகு, பொறுப்பாட்சியைப் படிப்படியாகக் கொண்டுவருவதே அரசின் கொள்கை என்று அறிவித்தார். அதாவது கவர்னர் மூடிய கதவை அவருடைய மேலிடமே மூன்று மாதத்தில் திறந்தது. உங்கள் தாத்தாவின் மனு ஜில்லா அதிகாரிகளின் கைக்குப் போன நேரம் இது. கவர்னரின் மனம் தெரிந்த ஒரு கலெக்டர், சாதகமாக நாலு வரி எழுதிப் பெயரைக் கெடுத்துக்கொள்வாரா? லண்டனின் அறிவிப்பு தெரிந்தவர் திட்டி எழுதுவாரா? இரண்டிலும் ஆபத்து. ‘பதிவு செய்யப்பட்டது’ என்று எழுதினால் ஆபத்தே இல்லை. இது என் ஊகம்தான், உங்கள் மனுவுக்கு நடந்தது எது என்பதைக் கோப்புதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வரியை அலட்சியம் என்று மட்டும் படித்துவிடாதீர்கள்.

நீங்கள் டீச்சர் என்பதால் இந்த மாதர் சங்கக் கதையையும் சொல்ல விரும்புகிறேன். 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. மாண்டேகு சென்னைக்கு வரும்போது பெண்கல்வி பற்றிப் பேச நேரம் வேண்டும் என்று அந்தச் சங்கத்தின் மார்கரெட் கசின்ஸ் விண்ணப்பித்தார். அரசியல் விஷயங்களுக்கு மட்டுமே நேரம் என்று பதில் வந்தது. இது கதவைச் சாத்தும் பதில். ஆனால் அவர்கள் அந்தப் பதிலையே படித்து, சரி, அரசியல்தானே வேண்டும் என்று பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் எனக் கேட்டு மறுபடி விண்ணப்பித்தார்கள். டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் மாண்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்போர்டையும் சென்னையில் சந்தித்தார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். 1918 ஜூலையில் வெளிவந்த சீர்திருத்த அறிக்கையில் பெண்களின் ஓட்டு பற்றி ஒரு பேச்சும் இல்லை. பிறகு வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, வேண்டாம் என்றே சொன்னது. 1919-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ், மாகாணச் சபைகள் விரும்பினால் கொடுத்துக்கொள்ளட்டும் என்று பொறுப்பைத் தள்ளிவிட்டார்கள். 1921-ல் சென்னைச் சட்டசபை தீர்மானம் போட்டுக் கொடுத்தது, பிரிட்டிஷ் மாகாணங்களில் முதலாவதாக. அந்தச் சில பெண்கள் 1918-ல் தங்கள் கையில் இருந்த பதிலை மட்டும் பார்த்திருந்தால் அதுவும் குப்பைக்குப் போன மனுதான்.

இதிலிருந்து உங்கள் தாத்தாவின் மனுவால்தான் 1919 சட்டம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின்படி கிராமப்புறத்தில் நிலத்தை அளவுகோலாக வைத்து ஓட்டு வந்தது உண்மை. தாத்தா கேட்டதும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால் இரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்ட உங்களிடம் காகிதம் இல்லை. அதே மாதிரியான கோரிக்கை பல ஊர்களிலிருந்து போனது, அவற்றில் இதுவும் ஒன்று. இந்த அளவுக்குத் தைரியமாக எழுதலாம்.

அதிகாரிகள் சொன்னதில் இருந்த உண்மை

இது உங்களுக்குக் கசக்கலாம். ‘நீங்கள் யாருடைய பிரதிநிதி?’ என்று அதிகாரிகள் கேட்ட கேள்வி தட்டிக்கழிக்கக் கேட்டதுதான் என்றாலும், கேள்வியில் நியாயம் இருந்தது. உங்கள் தாத்தாவின் மனு தீர்வை கட்டுகிறவருக்கு ஓட்டுக் கேட்கிறது. குத்தகைக்காரருக்கும் பண்ணையாளுக்கும் கேட்கவில்லை. பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை என்று நீங்களே வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை, சீர்திருத்தம் வந்தால் அது யார் கைக்குப் போகும் என்று கேட்டது. அந்தக் கேள்வியை ஆங்கிலேய அதிகாரிகள் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதற்காக அதை அதிகாரிகள் கிளப்பிவிட்ட கேள்வி என்று சொல்லக் கூடாது. அந்தக் கவலை உண்மையானது. 1920 தேர்தலில் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டதும் அதனால்தான்.

மதுரை ஜில்லாவிலேயே, ஆங்கிலத்தில் மனு டைப் அடிக்க வழியில்லாதவர்களுக்கு அரசு சொன்ன பதில் வேறு மாதிரி இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ஒரு சமூகத்தையே குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை வாங்கிய ரேகைச் சட்டத்தின்படி குற்றப் பரம்பரையாகப் பதிய மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். உங்கள் தாத்தாவின் மனுவுக்கும் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே இரண்டரை வருடம்கூட இல்லை. புத்தகம் போடும்போது இந்த இரண்டையும் ஒரே ஜில்லாவின் கதையாக வைத்து எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள். தாத்தா சிறுத்துப்போக மாட்டார். யாருக்குப் பேசும் வழி இருந்தது, யாருக்கு இல்லை என்பது வாசிப்பவர்களுக்குப் புரியும்.

தியாகி என்று பதியலாமா?

கூடாது. மத்திய அரசின் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம், தலைமறைவு, சொத்துப் பறிமுதல் போன்ற இழப்புகளை ஆதாரத்தோடு கேட்கிறது. மனுவில் கையெழுத்துப் போட்டது அதில் வராது. அந்தத் திட்டத்தில் குடும்பம் என்பது மனைவி அல்லது கணவர், திருமணமாகாத மகள், பெற்றோர் என்ற அளவில் நின்றுவிடும். பேரனுக்கு வராது. இருக்கும் காகிதத்தை நீட்டி முழக்கி, சிறைக்குப் போனார் என்று யாராவது சான்று வாங்கித் தந்தால் அது மோசடி வழக்காகும். அண்ணன் மகனிடம் இதைக் கனிவாகவே சொல்லுங்கள். அவர் தாத்தாவுக்கு மரியாதை தேடுகிறார், தேடும் இடம்தான் தவறு.

விற்கலாமா?

உங்கள் தாத்தா 1949-ல் இறந்தார், அவருக்கு உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் மட்டுமே பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியும் காகிதமும் அவருடைய அசையும் சொத்து. உயில் ஏதும் இல்லையென்றால் அது இரண்டு கிளைக்கும் பொது. உங்கள் அப்பாவின் பங்கில் நீங்களும் உங்கள் அண்ணன் தம்பிகளும் சம வாரிசுகள். ‘பொம்பளைப் பிள்ளைக்கு இதில் என்ன பாத்தியதை’ என்று சித்தப்பா மகன் சொன்னது சட்டப்படி தவறு. அதே நேரம், பெட்டி உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் மட்டும் முடிவெடுக்கவும் முடியாது. சித்தப்பா மகன் அதை எரிக்கவும் முடியாது.

75 வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். சொந்தக்காரர் இந்தியாவுக்குள் விற்பதற்குத் தடை இல்லை. ஆனால் வாங்கி விற்கும் வியாபாரியிடம் உரிமம் இருக்க வேண்டும். தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது, அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், விற்க வேண்டாம். மனுவையும் பதிலையும் தனித்தனியாக விற்றுவிட்டால் இரண்டும் ஊமைக் காகிதம். லேமினேஷன் கண்டிப்பாகச் செய்யக் கூடாது, செல்லோ டேப்பும் ஒட்டக் கூடாது. பழைய காகிதம் அதற்குள்ளேயே பழுத்து ஒடிந்துவிடும், பிரித்து எடுக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து, இரு கிளைக் குடும்பத்துக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில், மூலத்தை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டுப் பாருங்கள்.

புத்தகமும் வழக்கு மிரட்டலும்

பதிப்புரிமையில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. ஆசிரியர் உயிரோடு இருக்கும்போது வெளியாகாத எழுத்துக்கு, பிறகு முதன்முதலாக வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் 60 வருடக் கணக்கு தொடங்கும். அரசுக்கு அனுப்பியதை வெளியீடு என்று சொல்ல முடியாது. அதனால் எழுதியவர்களின் வாரிசுகளுக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்று வாதிட இடமுண்டு. தமிழ் நகல் தாத்தாவின் எழுத்து என்பதால் உங்கள் இரு கிளையும் எழுத்து மூலம் சம்மதித்தால் போதும். ஆங்கிலப் பிரதியை எழுதியவர் யார் என்று தெரிந்தால் அவர் குடும்பத்திடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொருவரின் பேரன் போடுவதாகச் சொல்லும் வழக்கு அவதூறு வழக்காகத்தான் இருக்க முடியும். இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அவதூறு ஆகலாம் என்பது உண்மைதான், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவில் அந்த விளக்கம் இருக்கிறது. ஆனால் எழுதியது அவர் உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரைக் கெடுக்கும்படி இருக்க வேண்டும், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமும் இருக்க வேண்டும். ஒருவர் தானே போட்ட கையெழுத்தை அச்சிடுவது அப்படி ஆகாது. கையெழுத்திட்ட அந்தப் பெரியவர் பிற்பாடு ஆங்கில அரசு கொடுத்த ராவ் சாகிப் பட்டம் வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பேரனின் பயம் அங்கேதான் என்று நினைக்கிறேன். பட்டம் வாங்கியதைச் செய்தியாகப் போடுங்கள். ‘விலைபோனார்’, ‘கைக்கூலி’ போன்ற சொற்களைச் சேர்க்காதீர்கள், ஆதாரமில்லாத அந்த ஒரு சொல்லில்தான் வழக்குக்கு இடம் கிடைக்கும். முடிந்தால் அந்தப் பேரனை நேரில் பார்த்து ஸ்கேன் பிரதி ஒன்றைக் கையில் கொடுங்கள். தன் தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்தபின் பேச்சு வேறு மாதிரி போகலாம்.

கோப்பு எங்கே?

கலெக்டர் அலுவலகம் மறைக்கிறது என்ற சந்தேகத்தை ஒதுக்கி வையுங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய ஜில்லாக் கோப்பு அங்கே இல்லாமல் இருப்பது இயல்பு. கையிலுள்ள பதிலின் தலைப்பில் துறைப் பெயர், எண், தேதி மூன்றையும் பாருங்கள். எண்ணோடு எல்.டிஸ். என்று இருந்தால் அது ஒரு வருடத்தில் அழிக்க வேண்டிய வகை, டி.டிஸ். என்றால் பத்து வருடம், ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. அதில்லாமல் பப்ளிக் டிபார்ட்மெண்டின் அரசாணை எண் இருந்தால் நல்ல காலம். கோட்டையின் அந்தத் தொடர் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அண்டர் செக்ரட்டரியின் பெட்டகத்தில் வைத்திருந்த ரகசியக் கோப்புகளும், தமிழ்ப் பத்திரிகைகள் எழுதியதை அரசு வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி வாங்கிய அறிக்கைகளும் அங்கேயே உண்டு. உங்கள் ஊர்ச் சங்கத்தின் கூட்டம் ஏதாவது பத்திரிகையில் வந்திருந்தால் அந்த அறிக்கையில் தட்டுப்படலாம். மாண்டேகு பயணத்தில் அளிக்கப்பட்ட விண்ணப்பங்கள் 1918-ல் லண்டனில் பாராளுமன்றத் தாளாக அச்சாகியும் இருக்கின்றன. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம்.

கோப்பு கிடைத்தால் உத்தரவுப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். குறிப்புப் பக்கங்களையும் கேளுங்கள். கலெக்டரின் முகப்புக் கடிதம், கையெழுத்திட்டவர்கள் யார், என்ன தொழில், எவ்வளவு தீர்வை என்ற விசாரணை, கோட்டையில் ஒவ்வொரு அதிகாரியும் எழுதிய நாலு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் புத்தகத்தின் முன்னுரையை எழுத வேண்டும்.

சட்டப்படி கலெக்டர் அலுவலகம் ஒன்றைச் செய்யத் தவறியிருக்கிறது. தகவல் தன்னிடம் இல்லாமல் வேறு அலுவலகத்தில் இருக்கும் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(3)-ன் கீழ் ஐந்து நாளுக்குள் விண்ணப்பத்தை அங்கே மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவித்திருக்க வேண்டும். ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி முடித்தது சரியல்ல. ரகசியம் என்று காப்பகத்தில் யாராவது சொன்னால் 8(3)-ஐக் காட்டுங்கள். 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு போன்ற மிகச் சில விலக்குகள் தவிர, கொடுத்தாக வேண்டும்.

இரண்டு காரியங்களை ஒன்றாகச் செய்யுங்கள். ஆவணக் காப்பகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, எண்ணும் தேதியும் குறிப்பிட்டுப் புதிய விண்ணப்பம் ஒன்று. கலெக்டர் அலுவலகத்தின் பதில் மீது முதல் மேல்முறையீடு ஒன்று, 6(3)-ஐச் சுட்டிக்காட்டி. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம், பதில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதை இந்த வாரமே, அனுப்பியதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.